பேட் ஜெயித்ததா, பையன் ஜெயித்தானா?



போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, என் பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். பையை ஒரு மூலையில் போட்டான். செருப்பை இன்னொரு மூலையில் உதறினான். "முறுக்கு சாப்பிடுறியாய்யா?" என்று கேட்டேன். பதிலே இல்லை! முறுக்குக்குக்கூட மசியவில்லை என்றால், விஷயம் பெரியது என்று புரிந்துகொண்டேன்.

பள்ளிகளுக்கு இடையே நடந்த டேபிள் டென்னிஸ் போட்டியில், முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வந்திருக்கிறான்.

"மூணு கேமும் போச்சு ஆச்சி! அவன் கையில இருந்தது கார்பன் பேட். எங்கிட்ட இருந்தது பள்ளிக்கூடத்து பேட். அவன் எங்க ஜெயிச்சான்? அவன் பேட்தான் ஜெயிச்சுச்சு!"

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் அல்லவா? பழமொழி தானாக வந்து விழும்! ஆனால், சொல்லாமல் விழுங்கிவிட்டேன். ஏன் தெரியுமா? டேபிள் டென்னிஸில் சில நேரம் கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

எனக்கு இந்த ஆட்டம் கொஞ்சம் தெரியும். 1980-களின் தொடக்கத்தில் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். எங்கள் விடுதியில், சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் ஒரு மேசை கிடந்தது. தாவணியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவோம். பந்து நசுங்கிவிட்டால் புதுப் பந்து கிடைக்காது. சமையல்கார அம்மாவிடம் வெந்நீர் வாங்கி, அதில் பந்தைப் போடுவோம். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து, பள்ளத்தை வெளியே தள்ளிவிடும். அறிவியல் பாடத்தில் படித்ததைவிட, அந்தச் செம்பில்தான் எனக்கு அது நன்றாகப் புரிந்தது!

சரி, பேட்டுக்கு வருவோம்.

நீங்கள் வைத்திருக்கும் பேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் பலகை. அந்தப் பலகையின் கனத்தில், நூற்றுக்கு 85 பங்காவது இயற்கையான மரமாக இருக்க வேண்டும் என்பது விதி. மீதியில் கார்பன் இழை போன்றவற்றை மெல்லிய அடுக்காக வைத்துக்கொள்ளலாம். கார்பன் வைத்தால் பலகை விறைப்பாகும். பந்து சட்டென்று கிளம்பும். என் பேரன் சொன்ன கார்பன் பேட் இதுதான்.

பலகையின் மேல் ஸ்பாஞ்சு, அதற்கு மேல் ரப்பர். பசையோடு சேர்த்து இவை 4 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக் கூடாது. ரப்பரின் ஒரு பக்கம் வழவழப்பாகவும், மறுபக்கம் குட்டிக் குட்டிக் குமிழ்களோடும் இருக்கும். வழவழப்பான பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினால், அது பந்தைப் பற்றிப் பிடித்துச் சுழற்றும். குமிழ்கள் வெளியே தெரியும்படி ஒட்டினால், அதைத்தான் 'பிம்பிள்' என்கிறோம். அதில் சுழல் குறைவு. குமிழ்கள் நீளமாக இருந்தாலோ, எதிராளி கொடுத்த சுழலே அவருக்குத் தலைகீழாகத் திரும்பிப் போகும். தெரியாதவர் தொட்டால் பந்து வலையில் விழும். அல்லது கூரைக்குப் பறக்கும்!

பார்த்தீர்களா? ஒரு சாண் அகலப் பலகையில் எத்தனை வித்தை! அதனால்தான், "பேட்டில் ஒன்றுமே இல்லை, எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது" என்று பெரியவர்கள் சொன்னால், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். அந்தக் காலத்து பேட்டில் ஸ்பாஞ்சு கிடையாது. மரத்தின் மேல் குமிழ் ரப்பர் மட்டும்தான். அதை வைத்து வேகமாக அடிப்பது கடினம். பொறுமையாகத் திருப்பித் திருப்பித் தள்ளுவது சுலபம். 1936-இல் பிராக் நகரில் உலகப் போட்டி நடந்தது. போலந்து வீரர் எர்லிக்கும் ருமேனிய வீரர் பனேத்தும் மோதினார்கள். இரண்டு பேருமே, 'நான் முந்தி அடிக்க மாட்டேன்' என்று பந்தைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். முதல் புள்ளி முடிய எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கும் மேல்! ஒரே ஒரு புள்ளிக்கு!

அடுத்த ஆண்டு இன்னும் வேடிக்கை. 1937-இல் பெண்கள் இறுதிப் போட்டி நேரம் கடந்து நீண்டதால், பட்டம் யாருக்கும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆடிய இரண்டு பேருமே சாம்பியன்கள் என்று 2001-இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து! இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்றுதான் வலையின் உயரத்தைக் குறைத்தார்கள். இன்று அது 15.25 சென்டிமீட்டர். ஒரு கேம் பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே போனால், தனி விதி ஒன்றும் உண்டு. அதன்படி, சர்வீஸ் போட்டவரின் பந்தை எதிராளி 13 முறை சரியாகத் திருப்பி அனுப்பிவிட்டால், புள்ளி எதிராளிக்கு.

அடுத்த கதை நம் நாட்டில் நடந்தது. 1952, பம்பாய். இன்றைய மும்பை. உலக டேபிள் டென்னிஸ் போட்டிக்கு ஜப்பான் முதல் முறையாக வந்தது. அந்த அணியில் ஹிரோஜி சாட்டோ என்று ஒருவர். ஒல்லியான உடம்பு, கண்ணாடி போட்ட முகம். அவர் கையில் இருந்த பேட்டைப் பார்த்து எல்லாரும் விழித்தார்கள். ரப்பருக்குப் பதிலாகக் கனமான ஸ்பாஞ்சு!

அதுவரை பந்து பேட்டில் பட்டால் 'டக்' என்று சத்தம் கேட்கும். வீரர்கள் பாதி ஆட்டத்தைக் காதால் ஆடினார்கள். சத்தத்தை வைத்தே, எதிராளி ஓங்கி அடித்தாரா, மெல்லத் தட்டினாரா என்று தெரிந்துகொள்வார்கள். சாட்டோவின் பேட்டில் சத்தமே இல்லை. பந்து ஸ்பாஞ்சுக்குள் புதைந்து, கவண்கல் மாதிரி வெளியே வந்தது. ஐரோப்பாவின் பெரிய பெரிய வீரர்கள் கண்ணைக் கசக்கினார்கள். இறுதிப் போட்டியில் ஹங்கேரி வீரரை வீழ்த்தி, சாட்டோ உலக சாம்பியன் ஆனார். அந்த ஆண்டு ஜப்பான் மொத்தம் நான்கு பட்டங்களைத் தட்டிக்கொண்டு போனது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சாட்டோ ஜெயித்தாரா, சாட்டோவின் பேட் ஜெயித்ததா?

நானாக இருந்தால் 'இரண்டும்' என்று சொல்வேன். புது பேட்டில் ஆடப் பழகியதும் அவருடைய உழைப்புதானே! ஆனால், தோற்றவர்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவர்கள் அப்படி ஒரு பந்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. 'ஸ்பாஞ்சை அடியோடு தடை செய்யுங்கள்' என்று ஒரு கூட்டம் சத்தம் போட்டது. 'புதியதைத் தடுக்காதீர்கள்' என்று இன்னொரு கூட்டம். இதற்குள் மற்றவர்களும் ஸ்பாஞ்சுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். ஏழு ஆண்டுகள் சண்டை நடந்து, 1959-இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெறும் ஸ்பாஞ்சு கூடாது. மேலே ரப்பர் இருந்தால் ஸ்பாஞ்சு வைத்துக்கொள்ளலாம். ஆனால், கனம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நீங்கள் இன்று பிடித்திருக்கும் பேட் அன்று போட்ட அந்தக் கணக்கில் பிறந்ததுதான்.

கவனித்தீர்களா? புதியதைத் தூக்கி எறியவில்லை. அதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பேட்டின் ஒரு பக்கம் சிவப்பு, இன்னொரு பக்கம் கறுப்பு என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'அழகுக்காக' என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை!

ஒரு பக்கம் வழவழ ரப்பர், மறுபக்கம் சுழலே ஏறாத வேறு ரப்பர் என்று ஒட்டிக்கொள்ளும் வழக்கம் 1970-களில் பரவியது. இரண்டு பக்கமும் ஒரே நிறம்! ஆட்டத்தின் நடுவில் பேட்டைக் கையிலேயே திருப்பிக்கொள்வார்கள். அடித்தது எந்தப் பக்கம் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது. சுழல் இருக்கிறது என்று நினைத்து அடித்தால், இருக்காது. இல்லை என்று நினைத்தால், இருக்கும். சீன வீரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 1981, 1983 இரண்டு உலகப் போட்டிகளிலும் இறுதி வரை வந்த சாய் ஜென்ஹுவா, இப்படிப்பட்ட பேட்டை வைத்துத்தான் எதிராளிகளைத் திணற வைத்தார். நல்ல காது உள்ளவர்கள் சத்தத்தை வைத்து ரப்பரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? அதற்கும் ஒரு தந்திரம் இருந்தது. சர்வீஸ் போடும்போது 'தொம்'மென்று காலைத் தரையில் மிதிப்பார்கள். பேட்டின் சத்தம் அதில் அமுங்கிப்போகும்!

இதெல்லாம் அன்றைய விதிப்படி தப்பில்லை. ஆனாலும், பார்க்க வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நல்ல வீரர் இவ்வளவு சுலபமான பந்தை ஏன் வலையில் போடுகிறார் என்று விழித்தார்கள். அதனால் 1980-களில் விதி வந்தது. இரண்டு பக்கமும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும். 1986 முதல் ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. காலை ஓங்கி மிதிப்பதும் நின்றது. 2021 அக்டோபரிலிருந்து சிவப்புக்குப் பதிலாக நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் கறுப்பு மட்டும் கட்டாயம்.

இன்னொரு விதியும் இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன், உங்கள் பேட்டை எதிராளி கேட்டால் காட்ட வேண்டும். அவர் தடவிப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம். நம் பள்ளிக்கூடப் போட்டிகளில் எத்தனை பேர் இப்படிக் கேட்கிறீர்கள்? கூச்சப்படுகிறீர்கள்! என் பேரனும் கேட்கவில்லை. இனிமேல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

எப்படிப்பட்ட பேட் வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் ஒளிக்காதே என்பதுதான் இந்த விதிகளின் போக்கு. டெல்லி வீராங்கனை மனிகா பத்ராவைத் தெரியும் அல்லவா? அவர் பேட்டின் ஒரு பக்கம் நீளக் குமிழ் ரப்பர். எதிரே நிற்பவருக்கு அது தெரியும். நிறத்தைப் பார்த்தே தெரியும். தெரிந்தும் தடுமாறுகிறார்கள். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில், அன்று உலகின் 4-ஆம் இடத்தில் இருந்த சிங்கப்பூரின் பெங் தியான்வெய்யை வீழ்த்தி, ஒற்றையரில் தங்கம் வாங்கினார் மனிகா. அதை யாராவது 'ரப்பர் வாங்கிய தங்கம்' என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அந்த ரப்பரை வைத்து எப்போது தடுப்பது, எப்போது பேட்டைத் திருப்புவது, எப்போது அடிப்பது என்று கற்றுக்கொள்ள எத்தனை ஆண்டுகள் உழைத்திருப்பார்!

2000-க்குப் பிறகு விதிகள் மழைபோல் வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் 38 மில்லிமீட்டர் பந்து 40 மில்லிமீட்டர் ஆனது. பெரிய பந்தைக் காற்று அதிகம் தடுக்கும். வேகமும் சுழலும் கொஞ்சம் குறையும். பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியும். 2001 செப்டம்பரில் 21 புள்ளி 11 ஆனது. ஐந்து ஐந்தாகப் போட்ட சர்வீஸ் இரண்டு இரண்டானது. 2002-இல், சர்வீஸ் போடும்போது பந்தை உடம்பாலோ கையாலோ மறைக்கக் கூடாது என்றார்கள். ஸ்பாஞ்சை உப்ப வைத்து வேகம் கூட்டும் ஒரு வகைப் பசை இருந்தது. அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல் என்பதால், 2008 செப்டம்பரில் அதற்கும் தடை. 2014-இல் செல்லுலாய்டு பந்து போய், பிளாஸ்டிக் பந்து வந்தது. செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும் பொருள்.

இதில் 21 புள்ளி போனதில் மட்டும் எனக்கு இன்னும் வருத்தம்தான். 13-க்கு 19 என்று பின்தங்கி நின்று, ஒன்று ஒன்றாக எட்டிப் பிடிக்கும் சுகம் 11-இல் ஏது? என் வயதுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் புலம்புவார்கள், கண்டுகொள்ளாதீர்கள்!

இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே ஆள் தாண்டி வந்திருக்கிறார். யார் சொல்லுங்கள் பார்ப்போம்? நம் சென்னையைச் சேர்ந்த சரத் கமல்தான்! 1982-இல் பிறந்தவர். சின்னப் பந்தில், 21 புள்ளியில் கற்றுக்கொண்டவர். பெரிய பந்து வந்தபோது அவருக்கு 18 வயது. 2006 மெல்போர்ன் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வென்றார். பிறகு பசை போனது. பந்தும் பிளாஸ்டிக் ஆனது. 2022-இல் பர்மிங்காமில் மறுபடியும் ஒற்றையர் தங்கம்! அப்போது அவருக்கு வயது 40. பத்து முறை தேசிய சாம்பியன். 2025 மார்ச்சில் சென்னையில்தான் தன் கடைசிப் போட்டியை ஆடி விடை பெற்றார். ஒவ்வொரு முறை விதி மாறும்போதும், தன் அடியையும் நின்று ஆடும் இடத்தையும் அவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்படியானால் பேட் முக்கியம் இல்லை என்றுதானே அர்த்தம், ஆச்சி?" என்று கேட்காதீர்கள். சரத் கமலுக்கு எதிரே நின்றவர்களிடமும் நல்ல பேட் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கருவிகள் இருந்தால், கடைசியில் கை பேசும். நம் பள்ளிக்கூடங்களில் அப்படி இருக்கிறதா?

இங்கேதான் நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும்.

1990-களில் நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். விளையாட்டு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததால், அந்த வேலையும் என் தலையில்தான். பள்ளிக்கு ஒரு மேசையும் இரண்டு பேட்டும் இருந்தன. இரண்டிலும் ரப்பர் பிய்ந்து தொங்கும். போட்டிக்கு நான்கு பேரை அனுப்பச் சொன்னார்கள். வகுப்பில் போய் நின்று, "சொந்த பேட் வச்சிருக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன். நான்கு கைகள் உயர்ந்தன. சரியாக நான்கு! வேலை முடிந்தது என்று பெயர்களை எழுதிக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். இடக்கைக்காரி. அவள் அம்மா வீட்டில் பீடி சுற்றுபவர். பள்ளிக்கூடத்துப் பிய்ந்த பேட்டை வைத்துக்கொண்டே, அந்த நான்கு பேரையும் மத்தியான இடைவேளையில் தோற்கடிப்பாள். அது எனக்கும் தெரியும். சாயங்காலம் என் மேசைக்கு அருகில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. "உனக்கு அடுத்த வருஷம்" என்று நானே சொன்னேன். அடுத்த ஆண்டு அவர்கள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

பல ஆண்டுகள் கழித்து, பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. "டீச்சர், இப்பவும் டி.டி. ஆடுறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பள்ளிக்கூடப் போட்டிகளில், யாரும் சொந்த பேட் கொண்டு வரக் கூடாது. போட்டி நடத்துபவர்களே ஒரே மாதிரி பேட்களை மேசையில் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் வழவழ ரப்பர், மெல்லிய ஸ்பாஞ்சு, சாதாரண மரம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் எளிய பேட் போதும். பந்து எப்படிப் பொதுவோ, அப்படி பேட்டும் பொது!

இது என் தலையில் உதித்த புது யோசனை இல்லை. லண்டனில் அலெக்சாண்ட்ரா பேலஸ் என்ற பெரிய மாளிகையில், 2013 முதல் சில ஆண்டுகள் பெரியவர்களுக்கே இப்படி ஒரு போட்டி நடந்தது. பேட்டில் ரப்பரே கிடையாது. தச்சர் மரத்தைத் தேய்ப்பாரே, அந்த உப்புத்தாளைப் போல ஒட்டிய பேட். எல்லாருக்கும் அதேதான். பரிசுப் பணமும் கொடுத்தார்கள், தொலைக்காட்சியிலும் காட்டினார்கள்.

என் யோசனையை எனக்குத் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். "டீச்சர், கீழே சாதா பேட்ல ஆடிட்டு, மாவட்டம், மாநிலம்னு போனா அங்க கார்பன் பேட்காரன் நொறுக்கிருவானே" என்றார். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். நான் அவருக்குச் சொன்னது இது: எட்டு வயதில் வேகமான பேட்டைக் கையில் கொடுத்தால், பிள்ளை என்ன செய்யும்? பந்து மேசையைத் தாண்டிப் பறக்கும். அதற்குப் பயந்து, கையை முழுசாக வீசாமல் பாதியில் நிறுத்தும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. மெதுவான பேட்டில்தான் கை முழுசாக வீசவும், பந்தைத் தேய்த்துச் சுழற்றவும் பழகும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், 'எனக்கு இந்த அடி வருகிறது, அதனால் இந்த ரப்பர் வேண்டும்' என்று காரணம் சொல்லத் தெரியும் அல்லவா? அப்போது கேட்கட்டும், அப்போது வாங்கிக் கொடுக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நல்ல ரப்பர் ஒரு பக்கத்துக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். பந்தோ விதியோ மாறினால், வசதி உள்ளவர் மறுநாளே மாற்றிக்கொள்வார். இல்லாதவர் பழையதை வைத்துக்கொண்டு நிற்பார். உலகப் போட்டியில் ஆடுபவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் அந்தக் கவலை?

அந்த ஆசிரியர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா என்பது தெரியாது!

சரி, என் பேரன் கதைக்கு வருகிறேன். அவனை ஜெயித்த பையன் எங்களுக்கு அடுத்த தெருதான். முறுக்கு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டான். கார்பன் பேட்டோடுதான்! இருவரையும் எங்கள் ஊர் மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மேசை உண்டு.

விதிப்படி ஒவ்வொரு கேம் முடிந்ததும் இருவரும் பக்கம் மாற வேண்டும் அல்லவா? நான் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். "ஆள் மாறணும், பேட் மேசையிலேயே இருக்கணும்" என்றேன். அதாவது, முதல் கேமில் கார்பன் பேட் யார் கையில் இருந்ததோ, இரண்டாவது கேமில் அது அடுத்தவர் கைக்குப் போய்விடும். பெரிய போட்டிகளில் இப்படிச் செய்ய முடியாது. அங்கே பேட் உடைந்தால் ஒழிய மாற்றவே விடமாட்டார்கள். ஆனால், நம் தெருவில், நம் பள்ளி மைதானத்தில் யார் தடுக்கப் போகிறார்கள்?

முதல் கேம் அந்தப் பையனுக்கு, 11-க்கு 6. இரண்டாவது கேமில் என் பேரன் கையில் கார்பன் பேட். முகம் பூத்துவிட்டது! தட்டினான் பாருங்கள்... பந்து சுவரில் போய் மோதியது. அடுத்ததும் சுவர். 11-க்கு 4 என்று தோற்றான். மூன்றாவது கேமில் அவன் கைக்குப் பள்ளிக்கூடத்து பேட் திரும்பி வந்தது. இழுத்துப் பிடித்து ஆடி, 13-க்கு 11 என்று கார்பன் பேட்டை ஜெயித்தான்! நான்காவது கேமில், பள்ளிக்கூடத்து பேட்டை வைத்துக்கொண்டு அந்தப் பையன் 11-க்கு 8 என்று ஜெயித்தான்.

மொத்தத்தில் அந்தப் பையன்தான் வெற்றி. நன்றாகத்தான் ஆடுகிறான். ஆனால், மூன்றுக்குச் சுழி இல்லை, மூன்றுக்கு ஒன்று.

முறுக்கைக் கடித்துக்கொண்டே அந்தப் பையன் சொன்னான்: "ஆச்சி, இந்த பேட்ல அடிச்சா பந்து எங்க போகும்னு முன்னாலயே தெரியுது!" அவன் கையில் இருந்தது பள்ளிக்கூடத்து பேட்.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்து, பக்கம் மாறினாலும் பேட் மாறாத ஒரு போட்டியைத் தெருப் பிள்ளைகளுக்கு நடத்தப் போகிறார்களாம். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஆறு பேரிடம் பேட் கிடையாது.